வினைல் பலகை விற்கும் முன் குளியலறைத் தரையைக் கேளுங்கள்



தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று நம் பகுதிக் கடைவீதிகளில் டைல்ஸ், சானிட்டரி, ஹார்டுவேர் வியாபாரம் செய்யும் உறுப்பினர்கள் வினைல் பலகையும் வாங்கி வைக்கத் தொடங்கியிருக்கிறோம். பார்வைக்குத் தேக்குப் பலகை போலிருக்கிறது. சுமைகூலி குறைவு. உடைசல் குறைவு. பழைய தரையை உடைக்காமல் இரண்டொரு நாளில் வேலையை முடித்துவிடலாம் என்பதால் வாடிக்கையாளரும் விரும்பிக் கேட்கிறார். ஆனால் ஒரு பெட்டி சரக்கைப் பில் போட்டுக் கொடுப்பதற்கு முன், அது எந்தத் தரையின் மேல் போய் உட்காரப் போகிறது என்று கேட்காவிட்டால், அந்தப் பெட்டி நம் கடைக்கே திரும்பி வரும். அதுவும் வெறும் பெட்டியாக வராது. கெட்ட பெயரோடு வரும்.

பிறர் தவறைச் சொல்லுமுன் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். ஓர் ஐப்பசி மாதம், தங்கும் விடுதி நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் கடைக்கு வந்தார். கார்த்திகை பிறந்தால் சபரிமலை பக்தர்கள் கூட்டம் கூட்டமாகக் கம்பம், குமுளி வழியாகப் போவார்கள். அதற்குள் ஆறு அறைகளின் குளியலறைத் தரையை அழகுபடுத்த வேண்டும் என்றார். "தண்ணி பட்டா கெட்டுப் போகாதே அண்ணாச்சி?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். "ஒண்ணும் ஆகாது, தண்ணியிலே போட்டு வைக்கலாம்" என்று நாங்களும் ஒரே பதில்தான் சொன்னோம். சொன்னது பொய்யில்லை. பலகைக்கு ஒன்றும் ஆகாதுதான்.

மார்கழியில் போன் வந்தது. நடந்தால் பலகை 'டக், டக்' என்று சத்தம் போடுகிறது. இணைப்பு வாய் பிளந்துவிட்டது என்றார். தை பிறப்பதற்குள் அறையில் வாடை. தூக்கிக்கொண்டு நின்ற பலகையில் கால் விரல் தடுக்கி ஒருவர் விழுந்தும் விட்டார். நல்ல வேளையாகப் பெரிய காயமில்லை. நாங்களே நேரில் போய்ப் பலகையைப் பெயர்த்துப் பார்த்தோம். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பள்ளங்கள். அவசரத்தில் அந்தப் பள்ளங்களைச் சுவருக்குப் போடும் பட்டியால் அடைத்திருந்தார்கள். அது களியாகக் கரைந்து கிடந்தது. செலவில் பாதியை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். சரக்கில் குறையில்லை, தரையில்தான் குறை. அந்தத் தரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் விற்றது எங்கள் குறை.

ஆகவே இக்கட்டுரையில், குளியலறையின் மேடு பள்ளமான தரையை வினைல் பலகைக்கு எப்படித் தயார் செய்வது என்பதை நம் ஊர் நிலைமைக்குத் தக்கபடி எழுதுகிறோம். விற்கும் உறுப்பினர்களுக்கும், தம் கடை, வீடு, விடுதிக்கு வாங்கிப் போடும் உறுப்பினர்களுக்கும் இது பயன்படும்.

சரக்கின் தன்மை

வினைல் என்பது நமக்குப் புதிய பொருள் அல்ல. பி.வி.சி. பைப் எந்தப் பொருளோ அதே பொருள்தான். அமெரிக்காவில் பி.எஃப்.குட்ரிச் கம்பெனியில் வேலை பார்த்த வால்டோ செமன் என்பவர் 1926-ஆம் ஆண்டில் பி.வி.சி.யை வளையக்கூடிய பொருளாக மாற்றும் வழியைக் கண்டார். நம் மேட்டூரில் 1960-களிலேயே பி.வி.சி. தயாரிப்பு தொடங்கிவிட்டது. தரைக்கு வரும் சரக்கு இன்று மூன்று விதமாகக் கிடைக்கிறது.

முதலாவது, 2 முதல் 3 மில்லிமீட்டர் கனமுள்ள, பசை போட்டு ஒட்டும் பலகை. இது வளையும். தரையில் உள்ள சிறு மேட்டையும் பள்ளத்தையும் சில வாரங்களிலேயே மேலே காட்டிவிடும்.

இரண்டாவது, எஸ்.பி.சி. எனப்படும் கடினப் பலகை. சுண்ணாம்புக்கல் பொடியும் பி.வி.சி.யும் கலந்து செய்வது. 4 முதல் 6 மில்லிமீட்டர் கனத்தில் அதிகம் விற்கிறது. ஓரத்தில் இருக்கும் காடியும் நாக்கும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். இதைத் தரையோடு ஒட்டுவதில்லை; சும்மா மேலே கிடக்கும். அடியில் பள்ளமிருந்தால் மேலே தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறை கால் வைக்கும்போதும் பலகை கீழே அமுங்கி எழும்பும். நூறு முறை அமுங்கினால் நாக்கு தளரும். ஆயிரம் முறை அமுங்கினால் ஒடியும். எங்கள் விடுதிக்காரர் கேட்ட 'டக், டக்' சத்தம் இதுதான்.

மூன்றாவது, சுருளாக வரும் வினைல் விரிப்பு. ஆஸ்பத்திரிகளில் போடுவது. இணைப்பைச் சூட்டுக் கருவியால் உருக்கி ஒட்டிவிடலாம். சுவரில் நான்கு அங்குலம் ஏற்றியும் விடலாம். நீர் புழங்கும் இடத்துக்கு மூன்றிலும் பொருத்தமானது இது ஒன்றே.

"வாட்டர் புரூப்" என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது பலகைக்கு மட்டும் உரிய பேச்சு. பலகை ஊறாது, உப்பாது. ஆனால் இணைப்பு வழியாகவும் ஓரம் வழியாகவும் தண்ணீர் கீழே இறங்கும். இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லை. பலகையே அதற்கு மூடியாகிவிடுகிறது. இதை வாடிக்கையாளரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

அவர்கள் குளியலறை வேறு, நம் குளியலறை வேறு

இந்தச் சரக்கோடு வரும் குறிப்புகள் பெரும்பாலும் மேல்நாட்டு வழக்கத்தை ஒட்டி எழுதப்பட்டவை. அங்கே தொட்டிக்குள் அல்லது கண்ணாடித் தடுப்புக்குள் குளிப்பார்கள். வெளித்தரை உலர்ந்தே இருக்கும். பல வீடுகளில் அதற்கு வடிகாலே கிடையாது. நாம் வாளியில் மொண்டு ஊற்றிக் குளிக்கிறோம். துணி துவைக்கிறோம். கால் கழுவுகிறோம். தினமும் தரையைத் தண்ணீர் விட்டுத் தள்ளுகிறோம். நம் கொத்தனார்கள் அதனால்தான் தரைக்கு வாட்டம் கொடுத்து, தண்ணீர் நாணி டிராப்புக்கு ஓடும்படி கட்டியிருக்கிறார்கள். வழக்கமான வாட்டம் 80-க்கு 1 முதல் 100-க்கு 1 வரை. 80-க்கு 1 என்றால் 5 அடி நீளத்தில் முக்கால் அங்குலம் இறக்கம்.

இந்த இடத்தில்தான் பெரிய குழப்பம் வருகிறது. சமம், மட்டம், வாட்டம் என்ற மூன்று சொற்களையும் நாம் ஒன்றாகவே போட்டுப் பேசுகிறோம். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றால் தரை மட்டமாக இருக்கிறது என்று பொருள். மட்டக்கட்டையை வைத்தால் அடியில் சந்து தெரியாமல் படிந்தால் தரை சமமாக இருக்கிறது என்று பொருள். ஒரு தரை வாட்டத்தோடு இருந்துகொண்டே சமமாகவும் இருக்கலாம். சரித்து வைத்த கண்ணாடிப் பலகையை நினைத்துப் பாருங்கள். வினைல் பலகைக்கு வேண்டியது சமம். குளியலறைக்கு வேண்டியது வாட்டம். பலகை போடுகிறோம் என்று வாட்டத்தை எடுத்துவிட்டுத் தரையை மட்டமாக்கினால், தண்ணீர் வாசற்படி தாண்டி அறைக்குள் வரும்.

இன்னொன்று. வாட்டம் ஒரே பக்கமாக இருந்தால் பலகை அதன்மேல் படியும். நடுவில் வடிகால் வைத்து நான்கு பக்கமிருந்தும் வாட்டம் கொடுத்த தரையில் கடினப் பலகை படியவே படியாது. எந்தக் கொத்தனார் முயன்றாலும் ஒரு மூலை தூக்கிக்கொண்டுதான் நிற்கும்.

ஆகவே நாங்கள் இப்போது வாடிக்கையாளரிடம் சொல்லும் யோசனை இதுதான்: குளியலறையை இரண்டாகப் பிரியுங்கள். குளிக்கும் இடத்தை ஒரு சிறு திண்டு வைத்துத் தடுத்து, அங்கே வழுக்காத செராமிக் டைல்ஸ் போடுங்கள். வாஷ்பேசின், துணி மாற்றும் இடம் ஆகிய உலர்ந்த பகுதிக்கு மட்டும் வினைல் பலகை போடுங்கள். இடம் போதாத சிறு குளியலறை என்றால் பலகையே வேண்டாம். டைல்ஸோ, உருக்கி ஒட்டும் விரிப்போ போடுங்கள். இதைச் சொன்னால் விற்பனை குறையும் என்று பயப்பட வேண்டாம். டைல்ஸும் நம் கடையில்தான் இருக்கிறது.

நம் பக்கத்துத் தரைகள்

பழைய வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்த தளத்தின் மேல் சிவப்பு ஆக்ஸைடு தரை போட்டிருப்பார்கள். அடியில் ஈரம் தடுக்கும் ஏற்பாடு எதுவும் இருக்காது. மண்ணில் உள்ள ஓதம் மெல்ல ஏறி மேலே வந்து காற்றில் போய்விடும். அதனால் தரைக்குக் கெடுதல் இல்லை. அதே தரையை வினைல் பலகையால் மூடினால் ஓதம் அடியில் நின்றுவிடும். பசை இளகும், உப்புப் பூக்கும், வாடை வரும். கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல் சாகுபடி நடக்கிறது. வயலை ஒட்டிய, வாய்க்காலை ஒட்டிய தாழ்வான மனைகளில் வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் ஓதம் கூடுவதுண்டு. கோடையில் எலும்பாகக் காய்ந்து கிடக்கும் தரையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

சிவப்பு ஆக்ஸைடு தரைக்கு இன்னொரு குணம் உண்டு. பல ஆண்டுகள் மெழுகும் எண்ணெயும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருப்பார்கள். அதன்மேல் எந்தப் பசையும் எந்தக் கலவையும் பிடிக்காது. மெழுகை நீக்கி, மேல்பரப்பைச் சொரசொரப்பாக்காமல் வேலை தொடங்கவே கூடாது. மொசைக் தரைக்கும் இதுவே விதி.

கடப்பைக் கல் தரையில் கல்லுக்குக் கல் கனம் மாறுவதால் ஓரங்கள் ஏறி இறங்கி இருக்கும். பழைய டைல்ஸ் தரையில் சில டைல்ஸ் அடியில் பிடிப்பு விட்டுப் பொந்தாகி இருக்கும். மரச் சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போனால் கணீர் என்ற ஓசை மாறிப் பொக்கென்று கேட்கும் இடம் தெரிந்துவிடும். அந்த டைல்ஸைப் பெயர்த்துவிட்டுக் கலவை போட்டு நிரப்ப வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பல பத்தாண்டுகளுக்கு முன் போட்ட பழைய கெட்டி வினைல் வில்லைகளிலும் அவற்றின் கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட தரையைப் பார்த்தால் மிஷின் வைத்துத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்தானது. வில்லைகள் கெட்டியாக ஒட்டியிருந்தால் அப்படியே விட்டு மேலே வேலை செய்வதே நல்லது.

செய்து பார்க்க வேண்டிய மூன்று சோதனைகள்

1. மட்டக்கட்டைச் சோதனை: வளைவில்லாத அலுமினிய மட்டக்கட்டையைத் தரையில் நீளவாக்கில், அகலவாக்கில், மூலைக்கு மூலை என்று வைத்துப் பாருங்கள். 2 மீட்டர் நீளத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது என்பது பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கேட்கும் அளவு. இதை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். நம் கடையில் விற்கும் 3 மில்லிமீட்டர் டைல் ஸ்பேசர் ஒன்று போதும். கட்டைக்கு அடியில் அந்த ஸ்பேசர் தடையில்லாமல் நுழைந்தால் அங்கே பள்ளம் இருக்கிறது. சாக்பீஸால் வட்டம் போடுங்கள். கட்டை ஊஞ்சல் போல் ஆடினால் நடுவில் மேடு. அதற்குப் பெருக்கல் குறி போடுங்கள். கால் மணி நேரத்தில் தரையின் வரைபடமே கிடைத்துவிடும்.

2. தண்ணீர்ச் சோதனை: ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றிப் பாருங்கள். எல்லாம் வடிகாலுக்கு ஓடுகிறதா, எங்கே குட்டையாக நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரசமட்டம் சொல்லாததையும் தண்ணீர் சொல்லிவிடும்.

3. பாலிதீன் சோதனை: தரை உலர்ந்த பிறகு, 45 சென்டிமீட்டர் சதுரமுள்ள கனத்த பாலிதீன் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, தரையின் நிறம் கறுத்திருந்தாலோ ஓதம் நிச்சயம். இதில் ஒன்றை மறக்கக் கூடாது. ஈரம் தெரிந்தால் ஈரம் உண்டு என்பது உறுதி. தெரியாவிட்டால் ஈரமே இல்லை என்பது உறுதியல்ல. சந்தேகமான மனையில் இரண்டு மூன்று இடங்களில், மழைக்காலத்திலும் ஒருமுறை செய்து பார்ப்பதே பாதுகாப்பு.

சீர் செய்யும் முறை

முதலில் சுத்தம். சோப்புக் கறை, எண்ணெய், பழைய பெயின்ட், பழைய பசை எல்லாம் போக வேண்டும். ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லுங்கள். சரியாக அலசாத ஆசிட் தரையில் தங்கி, மேலே வரும் கலவையின் பிடிப்பைக் கெடுக்கும்.

அடுத்து மேடுகளைச் செதுக்குவது. பள்ளத்தை நிரப்புவதற்கு முன் மேட்டைக் குறைப்பதே முறை. ஒரே ஒரு மேடு இருந்தால்கூட அதற்குச் சமமாக மற்ற இடம் முழுவதையும் உயர்த்த வேண்டிவரும், செலவு வீண். கிரைண்டிங் மிஷின் ஓட்டும்போது தண்ணீர் தெளித்துக்கொண்டே ஓட்ட வேண்டும். மூக்கில் வெறும் துண்டு கட்டினால் போதாது. சிமென்ட் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். நல்ல மாஸ்க் இரண்டு சேர்த்துக் கொடுப்பதில் நமக்கு நட்டமில்லை.

வெடிப்புகளை வி வடிவில் சற்று அகலப்படுத்தி, தூசி ஊதி, பாலிமர் கலந்த ரிப்பேர் கலவையால் அடைக்க வேண்டும்.

பிறகு பள்ளம் நிரப்புதல். நம் பக்கத்தில் பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். சிமென்ட் பாலை ஊற்றி இழுத்துவிடுவது ஒரு வழக்கம். மெல்லிய வெறும் சிமென்ட், பழைய உலர்ந்த தரை நீரை உறிஞ்சிவிடுவதால் சுருங்கி, வெடித்து, அப்பளம் போலப் பெயரும். சுவர்ப் பட்டியால் அடைப்பது அதைவிட மோசம். அது தரையில் மிதிபடவும் ஈரத்தில் கிடக்கவும் செய்த சரக்கு அல்ல. தரைக்கென்று வரும் பாலிமர் கலவையையே பயன்படுத்த வேண்டும். அதற்கு முன் அதே கம்பெனி சொல்லும் பிரைமரை அடிக்க வேண்டும். பிரைமர் இல்லாத கலவை விலாசமில்லாத கடிதம் போல, போய்ச் சேராது.

தானாகவே பரவி மட்டமாகும் செல்ஃப் லெவலிங் பவுடரைப் பலர் கேட்டு வருகிறார்கள். நல்ல சரக்குதான். ஆனால் அதன் பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது. அது மட்டமாக்கும், வாட்டத்தை அழித்துவிடும். ஆகவே தண்ணீர் ஓட வேண்டிய தரைக்கு இதைக் கொடுக்க வேண்டாம். வாட்டம் தேவையில்லாத, திண்டு வைத்துப் பிரித்த உலர் பகுதிக்கு மட்டும் கொடுங்கள். கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சுமார் 1.7 கிலோ பிடிக்கும். 6 அடிக்கு 5 அடி இடம் என்றால் 30 சதுர அடி. அதாவது சுமார் 2.8 சதுர மீட்டர். சராசரி 5 மில்லிமீட்டர் கனம் ஊற்றினால் சுமார் 24 கிலோ, ஆக 25 கிலோ மூட்டை ஒன்று. மூட்டையில் எழுதிய அளவுக்கு மேல் ஒரு குவளை தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. இளகலாக ஓடட்டும் என்று தண்ணீர் கூட்டினால் மேல்பரப்பு மாவாக உதிரும். ஊற்றுவதற்கு முன் வடிகால் வாயையும் வாசற்படி ஓரத்தையும் அடைத்துக்கொள்ள வேண்டும்.

வாட்டம் உள்ள பகுதியை மட்டக்கட்டையால்தான் சரி செய்ய வேண்டும். வடிகால் வாயைத் தாழ்ந்த புள்ளியாக வைத்து, டியூப் லெவலால் எதிர்ச் சுவரில் உயரம் குறித்து, இரண்டுக்கும் இடையில் கலவைப் பட்டைகள் வைத்து, அவற்றின் மேல் கட்டையை இழுத்து நிரப்ப வேண்டும். இது நம் கொத்தனார்களுக்குக் கைவந்த வேலை. நாம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: தரை உயர்ந்தால் வடிகால் வாயையும் உயர்த்த வேண்டும், கதவின் அடியையும் பார்க்க வேண்டும். குளியலறைத் தரை எப்போதும் பக்கத்து அறைத் தரையைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும்.

கடைசியாக, நீர்த்தடுப்புப் பூச்சு. சிமென்டும் பாலிமரும் கலந்த பூச்சை இரண்டு கோட்டிங், ஒன்றுக்கொன்று குறுக்காக அடித்து, சுவரில் ஓர் அடி உயரம் ஏற்ற வேண்டும். பைப் சுற்றிலும், மூலைகளிலும் வலைத்துணி வைத்து அடிப்பது நல்லது. காய்ந்த பின் வடிகாலை அடைத்து ஒருநாள் முழுதும் தண்ணீர் தேக்கி, கீழ் வீட்டுக் கூரையில் கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். மாடியில் உள்ள குளியலறைக்கு இதைத் தவிர்க்கவே கூடாது.

பலகை போடும்போது சுவர் ஓரத்தில் கம்பெனி சொல்லும் இடைவெளியை விட வேண்டும்; பெரும்பாலும் அது 5 முதல் 8 மில்லிமீட்டர். கிளாஸெட்டைச் சுற்றியும் அவ்வாறே. வெயிலில் பலகை சற்று விரியும். விரிய இடமில்லாவிட்டால் நடுவில் கூடாரம் போல் எழும்பும். இந்தச் சந்தைச் சிமென்ட் போட்டு அடைக்காமல் சிலிகான் போட்டு அடைக்க வேண்டும்.

காலக் கணக்கு

வேலை கெடுவது அவசரத்தால்தான். புதிதாகத் தளம் போட்டால் குறைந்தது 7 நாள் தண்ணீர் கட்டிப் பதப்படுத்த வேண்டும். அதன் பிறகு உலர்வதற்கு, கனத்தில் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது தொழிலில் உள்ளவர்கள் பின்பற்றும் தோராயக் கணக்கு. 2 அங்குலத் தளம் என்றால் இரண்டு மாதம். கார்த்திகை முதல் தேதி நவம்பர் நடுவில் வருகிறது. பூச்சு, தண்ணீர்ச் சோதனை, பலகை போடுதல் ஆகியவற்றுக்கு இரண்டு வாரம் ஒதுக்கினால், தளம் போடும் வேலை ஆடி மாதக் கடைசிக்குள் முடிந்திருக்க வேண்டும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பின் வந்து கேட்பவரிடம், "இந்த சீசனுக்கு வேண்டாம், தை கழிந்து செய்யுங்கள்" என்று சொல்வதே நேர்மை. எங்கள் விடுதிக்காரரிடம் நாங்கள் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

ஆடியில் செய்வதிலும் ஒரு கவனம் வேண்டும். நம் பள்ளத்தாக்கில் அப்போது அடிக்கும் காற்றைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்று புதுக் கலவையின் மேல்பரப்பை மட்டும் சீக்கிரம் உலர்த்தி, மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். கலவை போட்ட அன்று ஜன்னல், வென்டிலேட்டரை மூடி வைக்கச் சொல்லுங்கள். உலர விடும் மாதங்களில் திறந்து வைக்கலாம்.

கடைக்காரர் கடைப்பிடிக்க வேண்டியவை

வாடிக்கையாளரிடம் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். எந்த அறைக்கு? பழைய தரை என்ன தரை? குளிக்கும் தண்ணீர் அந்த இடத்தில் விழுமா? தரையில் எங்காவது உப்புப் பூத்திருக்கிறதா? வேலை எப்போது முடிய வேண்டும்? இவற்றைக் கேட்க இரண்டு நிமிடம் ஆகும். பதிலைப் பில்லின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டால் நாளைக்கு இருவருக்கும் சாட்சி.

பெட்டியில் உள்ள குறிப்புகளைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி அச்சிட்டுக் கொடுப்பது நல்லது. இது உபகாரம் மட்டுமல்ல, நம் பாதுகாப்பும்கூட. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளைத் தயாரிக்காமல் விற்பவர் எப்போது பொறுப்பாவார் என்று அதன் 86-ஆம் பிரிவு சொல்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கையையும் சரியாகப் பயன்படுத்தும் முறையையும் வாங்குபவருக்குத் தெரிவிக்காமல் விட்டு, அதன் காரணமாகத் தீங்கு நேர்ந்தால், விற்றவரும் பொறுப்பேற்க நேரிடும். தூக்கி நின்ற பலகையில் தடுக்கி விழுந்தவரின் காலில் எலும்பு முறிந்திருந்தால் எங்கள் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

சரக்கு வைப்பதிலும் கவனம் வேண்டும். பெட்டிகளைப் படுக்க வைத்தே அடுக்க வேண்டும். சுவரில் சாய்த்து நிறுத்தினால் பலகை வளைந்துவிடும். தகரக் கூரைக் குடோனில் கோடை வெயிலில் வைக்க வேண்டாம். போடுவதற்கு முன் பெட்டியைப் பிரிக்காமல் அந்த வீட்டிலேயே இரண்டு நாள் படுக்க வைக்கச் சொல்லுங்கள். ஒரு வேலைக்கு ஒரே பேட்ச் நம்பர் சரக்காகக் கொடுங்கள். வெட்டும் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டி, 30 சதுர அடிக்கு 33 சதுர அடி என்று கணக்கிடுங்கள். மொத்த வியாபாரிகள் பலகையை மட்டும் அனுப்பாமல், அதற்குரிய பிரைமர், தரைக் கலவை, நீர்த்தடுப்புப் பூச்சு ஆகியவற்றையும் சேர்த்து அனுப்பினால் சில்லறைக் கடைக்காரருக்குச் சொல்லி விற்க வசதியாக இருக்கும்.

ஊரில் பலகை போடும் கொத்தனார்களையும் தச்சர்களையும் வருடத்துக்கு ஒருமுறை கடைக்கு அழைத்து, டீ கொடுத்து, ஒரு மணி நேரம் இந்த வேலையைச் செய்துகாட்டிப் பேசுங்கள். நாம் விற்பது பலகை. அது நிற்பதும் விழுவதும் அவர்கள் கையில்.

எங்கள் விடுதிக்காரர் அடுத்த ஆண்டு ஆனி மாதமே கடைக்கு வந்தார். குளிக்கும் இடத்துக்குத் திண்டும் டைல்ஸும், வெளிப்பகுதிக்குப் பலகையும் என்று பிரித்து, இந்த முறையில் தரையைச் சீர் செய்து போட்டோம். பலகைக்கு ஆன செலவைவிடத் தரைக்கு ஆன செலவு அதிகம். பில்லைப் பார்த்துவிட்டு, "இதைப் போன வருசமே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி" என்றார். எங்களிடம் பதில் இல்லை. உறுப்பினர்கள் தங்கள் வாடிக்கையாளர்களிடம் இதைப் போன வருடமே சொன்னவர்களாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதினோம்.